திங்கட்கிழமை மூச்சு

2024 ஜூன் 3, திங்கள்

இன்றைய தேதிக்கு என் வயது எழுபத்தாறு ஆண்டு, நான்கு மாதம், பதினொரு நாள். இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம் உண்டு. இந்த வீட்டில் என் வயதை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். மகன் நந்தகோபால், "எண்பது ஆகப்போகுது, கொஞ்சம் அடங்குங்கம்மா" என்கிறான். மருமகள் சுகந்தி விருந்தினரிடம் "எழுபது தாண்டிட்டாங்க" என்று பெருந்தன்மையாகத் தள்ளுபடி தருகிறாள். ஓய்வு பெறும்வரை இயற்பியல் கற்பித்தவளுக்கு இந்த அளவு பிழை ஒப்பாது.

காலையில் காப்பிக்கு முன் இருமினேன். பல மாதங்களாக இருமுகிறேன். கோபாலுக்கு இன்றுதான் காதில் விழுந்தது. "பொள்ளாச்சித் தோப்புக் காத்துல வளர்ந்த உடம்பு, இதுக்கு எங்கிருந்து இருமல்?" என்று வியந்தான். சிறுமியாக நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்ததாக இக்குடும்பத்தில் வழங்கும் வசனம் அது. என் கணவர் அடிக்கடி சொல்வார். அவர் போனபின் அவருடைய கைக்கடிகாரத்தோடு சேர்த்து மகன் அதையும் எடுத்துக்கொண்டான்.

நாளை நெஞ்சக மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டானாம், என்னைக் கேட்காமலே. போவேன். மூச்சை அளக்கும் கருவியை நான் இதுவரை பார்த்ததில்லை.

பின்கட்டில் குடியிருக்கும் கலாமணியும் இன்று இருமிக்கொண்டேதான் எதிரிலிருக்கும் மில்லுக்கு வேலைக்குப் போனாள். முப்பத்து நான்கு வயது. அவளுக்கு யாரும் நேரம் வாங்கவில்லை.

வெண்டைக்காய் அத்தனையும் முற்றல். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.


ஜூன் 4, செவ்வாய்

மருத்துவர் ரெஹானா என் கடைசி மாணவிகளைவிட இளையவள். மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டினாள். கையில் ஓர் அட்டைக் குழாயைக் கொடுத்து, உள்ளே இழுக்க முடிந்த மட்டும் இழுத்து, ஒரே வெடிப்பாக வெளியே விட்டு, நெஞ்சு காலியாகும்வரை நிறுத்தாமல் ஊத வேண்டும் என்றாள். சொல்லும்வரை மென்மையான பெண். நான் ஊதத் தொடங்கியதும் பேய் பிடித்தவள்போல், "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும்" என்று என் முகத்துக்கு நேரே கத்தினாள். எந்த வகுப்பிலும் நான் யாரையும் இப்படி விரட்டியதில்லை. விரட்டியிருந்தால் தேர்ச்சி விகிதம் கூடியிருக்கும்.

மூன்று முறை ஊதினேன். திரையில் ஒரு வளைவு எழுந்தது. இறங்கும்போது நேராக இறங்க வேண்டிய கோடு, ஈரத்துணி போட்ட கொடிக்கயிறுபோல் நடுவில் தொய்ந்து தொங்கியது. மொத்தமாக ஊதும் காற்றில் எழுபது சதவிகிதமாவது முதல் விநாடியிலேயே வெளியே வந்துவிட வேண்டுமாம். எனக்கு அறுபத்திரண்டு.

"பல்கலைக்கழகக் கணக்கில் இது முதல் வகுப்பு" என்றேன்.

சிரித்தாள். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு விளக்கினாள். காற்றுக்குழாய்கள் சுருங்கத் தொடங்கியிருக்கின்றன, ஆரம்பநிலைதான். மூச்சு வாங்குவது நமக்கே தெரிவதற்குள் நுரையீரல் பாதிவழி போய்விடும். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பதால்தான் இந்தக் கருவிக்கு மதிப்பு. புகைபிடிப்பீர்களா என்றாள். இல்லை. வீட்டில் யாராவது? இல்லை. விறகடுப்பு? மணமாகி வந்த நாள்முதல் கேஸ்தான்.

"என்ன வேலை பார்த்தீங்கம்மா?"

"கல்லூரியில் இயற்பியல்."

"சாக்பீஸ் தூசியா இருக்கலாம்" என்று எழுதிக்கொண்டாள்.

சாக்பீஸ் துகள் கனமானது. கரும்பலகைக்குக் கீழேயே விழுந்துவிடும். நெஞ்சின் அடிவரை போகாது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.


ஜூன் 6, வியாழன்

உறிஞ்சும் மருந்து தொடங்கியாயிற்று. சுவை, துருப்பிடித்த ஆணி.

சுகந்தி என் அலமாரியிலிருந்த வெல்லக்கட்டிகளை எடுத்து ஒளித்துவிட்டாள். சர்க்கரை நோய்க்காரி எதற்கு வெல்லம் தின்ன வேண்டும் என்பது அவள் வாதம். நான் தின்பதில்லை, ஒட்டடை அடித்த பிறகோ மெத்தையைத் தட்டிய பிறகோ ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வேன். அவள் ஒளிக்கும் இடம் எப்போதும் உளுந்து டப்பா.


ஜூன் 9, ஞாயிறு

மில்லில் இன்று நுரையீரல் பரிசோதனை முகாம். ஏற்பாடு கோபாலுடையது; அவன் அங்கே பணியாளர் மேலாளர். பரிசோதித்தவள் ரெஹானா. கேசரியும் வடையும் உண்டு. மதியம் கலாமணி சேலையைக்கூட மாற்றாமல் என்னிடம் ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா, எல்லாரும் பாஸுங்."

கல்லூரித் துறைத்தலைவியாக ஓய்வு பெற்றவள் நான். கலாமணிக்கு டீச்சரம்மா. திருத்திப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.

அவள் சொன்னதைக் கோத்துப் பார்த்தால் இதுதான் கதை. அவள் வேலை செய்வது புளோ ரூமில். பஞ்சுப் பொதிகளைப் பிரித்து முதலில் உதறுகிற இடம் அது. மில்லிலேயே தூசு அதிகம். மூச்சு முட்டுகிறது, நூல் சுற்றும் கோன் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று பொங்கலிலிருந்து கேட்டுவருகிறாள். முகாம் அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்போம் என்று கோபால் சொல்லியிருக்கிறான். இதற்கிடையில், பரிசோதனையில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஆகவே பெண்கள் எல்லோரும் வெள்ளியும் சனியும் விடுப்புப் போட்டு, நொச்சி இலை போட்டு ஆவி பிடித்து, இருமல் மருந்து குடித்து, நெஞ்சைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போயிருக்கிறார்கள்.

"அப்போ உன் மாறுதல்?"

"அதுதானுங். நல்லாத்தானே இருக்கறேன்னு சொல்லிட்டாங். வேல போகலீங்ல்ல, அது போதுமுங்."

ஆயுள் முழுக்கத் தேர்வு நடத்தியவள் நான். தேறினால் புளோ ரூம், தோற்றால் வீடு என்று எவரும் நடத்திப் பார்த்ததில்லை.


ஜூன் 10, திங்கள்

காலையுணவின்போது கோபால் புலம்பினான். மற்ற நாளெல்லாம் ஒழுங்காக வருகிறவர்கள் திங்கட்கிழமை மட்டும் வருவதில்லையாம். அதிலும் புளோ ரூம் ஆட்கள். "ஞாயித்துக்கிழமை கறி தின்னுட்டு, திங்கக்கிழமை கட்டில்ல கெடக்கறாங்க." விடை அவன் வாயிலிருந்தே வருகிறது. கேள்விதான் அவனுக்குத் தெரியவில்லை. தோசை ஆறுகிறது என்று மட்டும் சொன்னேன்.

மாலை, ஷிப்ட் முடிந்து வந்த கலாமணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். முகம் சாம்பல். நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருக்கிறதாம். செவ்வாய் கொஞ்சம் தளரும், வியாழன் மறந்தே போகும், மறுபடி திங்கள் வரும்.

"மில்லுல வெல்லம் குடுப்பாங்ளுங். வாயில போட்டா தூசி எறங்கிரும்னு."

"அச்சு வெல்லமா, மண்டை வெல்லமா?"

"அச்சுங்." நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கெப்படித் தெரியுமுங்?"

படித்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. மண்டை வெல்லத்தில் மண் இருக்கும், பல்லில் நெறிக்கும். அச்சு வெல்லம் முன்னேற்றந்தான்.


ஜூன் 12, புதன்

மருந்தைச் சரியாக உறிஞ்சுகிறேனா என்று பார்க்க ரெஹானா வரச் சொல்லியிருந்தாள். உறிஞ்சிக் காட்டினேன். பிறகு நான் அவளைப் பரிசோதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நாள் ஓய்வெடுத்த நெஞ்சை அளந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அவள் பேனாவை மூடினாள். தெரியாமல் செய்யவில்லை என்றாள். பஞ்சுத் தூசியின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் திங்கட்கிழமை, ஷிப்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அளக்க வேண்டும். அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறாள். இயந்திரத்தை நிறுத்த முடியாது, ஞாயிறு என்றால் வாருங்கள் என்றது மில். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட இதையாவது செய்யலாம் என்று போயிருக்கிறாள். நேர்மையாகச் சொன்னாள். அவளை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணம்.

"உங்களுக்குத் திங்கட்கிழமை விஷயம் எப்படிம்மா தெரியும்?"

"படித்திருக்கிறேன்."

"எதுல?"

"பழைய பாடத்திட்டம்."

பிறகு காரியத்துக்கு வந்தோம். கருவியும் மடிக்கணினியும் ஒரு தோள்பையில் அடங்கும். எங்கள் வீட்டுக்கும் மில் மதிலுக்கும் இடையில் ஒரு தெருதான். இந்த மனையைத் தேர்ந்தெடுத்தவள் நான். போயும் போயும் மில்லுக்கு எதிரிலா என்று கணவர் கேட்டார்; கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றேன். முதல் ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன் பெண்கள் என் முன்கூடத்துக்கு வரலாம், மாலையில் திரும்பும்போது இன்னொருமுறை வரலாம்.

"உங்க மகன்?" என்றாள்.

"அவன் எழும் நேரம் அது இல்லை" என்றேன்.


ஜூன் 13, வியாழன்

அவன் எழும் நேரம் வேறு. ஆனால் சுகந்தியின் காது எப்போதும் விழித்திருக்கும். இரவுச் சாப்பாட்டின்போது விஷயம் வெடித்தது.

மேலாளர் வீட்டிலேயே மில்லுக்கு எதிராக முகாம் நடத்தினால் நாளை அவன் எந்த முகத்தோடு நாற்காலியில் உட்காருவது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். இப்போதிருக்கும் முகத்தோடு என்றேன்.

"அவங்க எல்லாம் வெறகடுப்புல தண்ணி காய வெக்கறாங்கம்மா. நெஞ்சு கெடறது அதுல. மில்லைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? பெரியம்மா வீட்டுல எளநி குடிச்சு வளந்தவங்க நீங்க."

சுகந்தி ரசப் பாத்திரத்தை ஓசைப்படாமல் உள்ளே எடுத்துப்போனாள். நான் இரண்டாம் முறை மோர் ஊற்றிக்கொண்டேன்.

"வீடு யார் பேர்ல இருக்கு கோபால்?"

"அது எதுக்கு இப்போ?"

"முன்கூடம் என்னோடது. மேலாளர் மாடியில இருக்கட்டும். அவருக்கு எந்தத் தொந்தரவும் வராம பாத்துக்கறேன்."

எழுந்து போனான். அவன் கெட்டவன் அல்லன். கலாமணிக்கு வீட்டையும் வேலையையும் கொடுத்தவனே அவன்தான். தன் கண்ணால் பார்க்கிற எல்லாவற்றையும் நம்புவான். பார்க்காத ஒன்று இருக்கக்கூடும் என்பதுதான் அவன் தலையில் ஏறுவதில்லை. வகுப்பில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே பிழைத்தார்கள்.


ஜூன் 15, சனி

பெண்கள் வரமாட்டார்களாம். கலாமணி தூது வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மேலாளர் வீட்டு வாசற்படியில் யார் மிதித்தாலும் அன்றே தெரிந்துவிடும் என்கிறார்கள். இது தொழில்நோய், மில் அதை மறைப்பதுதான் சட்டப்படி குற்றம், நோயைக் காட்டியவளை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று விளக்கினேன்.

"சட்டம் தெரிஞ்சவங்களுக்குத்தானுங் சட்டம். ஃபெயிலாயிட்டா என்னங் பண்றது?"

அவள் போனபின் வெகுநேரம் யோசித்தேன். பிறகு என் அறிக்கையை எடுத்து, தொய்ந்த வளைவு தெரியும்படி விரித்து, தெருப்பக்கத்துச் சன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். கீழே கொட்டை எழுத்தில் எழுதினேன்: "தெய்வானை, எம்.எஸ்ஸி., மூச்சுப் பரீட்சையில் ஃபெயில். சாகவில்லை."

மாலை ஷிப்ட் விட்டபோது சன்னலுக்கு வெளியே கூட்டம். ஒருத்தி எழுத்துக்கூட்டி வாசிக்க, மற்றவர்கள் சிரித்தார்கள். எவளோ ஒருத்தி, "டீச்சரே ஃபெயிலாயிட்டாங்ளாமா" என்று இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி அறிவித்தாள்.


ஜூன் 17, திங்கள்

பக்ரீத். ரெஹானாவுக்கு விடுப்பு, ஆகையால் அளவெடுப்பு அடுத்த வாரம். அவள் அனுப்பிய பிரியாணிக்கு மூச்சுத் தடை எதுவும் ஏற்படவில்லை.


ஜூன் 24, திங்கள்

பதினொரு பேர் வந்தார்கள். விடியுமுன்னே ஒவ்வொருத்தியாக, வேலியோரமாகவே நடந்து, முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள். என் கூடம் கள்ளச்சாராயக் கடைபோல் இருந்தது. அன்று லீவு போட இருந்தவர்களைக்கூடக் கலாமணி இழுத்து வந்திருந்தாள்.

முதலில் ஊதியவளும் அவளே. ஊதவே தெரியவில்லை. ஊதாங்குழலை வைத்து அடுப்பை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, மெல்லிசாக, நீளமாக, பொறுமையாக ஊதினாள். மற்றவர்களும் அப்படியே. பிறந்தது முதல் அவர்கள் ஊதியதெல்லாம் அடுப்பைத்தான். சாம்பல் பறக்காமல் ஊதுவதே அங்கே கெட்டிக்காரத்தனம். ரெஹானாவின் கத்தல் எடுபடவில்லை. கத்தக் கத்த அவர்கள் இன்னும் பணிவாக ஊதினார்கள். திரையில் வளைவுக்குப் பதில் மேடுதான் வந்தது. சங்கு ஊத அதிக நேரமில்லை.

நான் எழுந்து கலாமணிக்கு எதிரே நின்றேன்.

"அடுப்பை மற. உன் வீட்டுக்காரன் குடிச்சிட்டு வந்து வாசல்ல நிக்கறான். 'போடா வெளியே'ன்னு ஒரே மூச்சுல சொல்லு, குழாய்க்குள்ள."

"அவரு குடிக்க மாட்டாருங்."

"எங்க வீட்டுக்காரரும் குடிக்க மாட்டார். நான் சொல்லியிருக்கேன்."

கூடம் குலுங்கியது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கலாமணி ஊதினாள். திரையில் கோடு செங்குத்தாக எழுந்தது. அதற்குப் பிறகு எவளுக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தக் குழாய்க்குள் எத்தனை மாமியார்கள் திட்டு வாங்கினார்கள் என்பது ரெஹானாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

மாலையில் திரும்பி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலையில் முதல் விநாடியில் இரண்டு லிட்டருக்கு மேல் விட்ட கலாமணிக்கு, இப்போது அதே ஆத்திரத்தோடு ஊதியும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதேபோல் இன்னும் ஆறு பேருக்கு. ஒரே ஒரு ஷிப்டில்.

"நான் ஃபெயிலுங்ளா?" என்றாள் கலாமணி.

"நீ ஊதினது சரி. ஃபெயிலானது நெஞ்சு. இப்போ பிடிச்சா நிறுத்தலாம்" என்றாள் ரெஹானா. "அந்த ரூமை விட்டு வெளிய வரணும். அதுதான் மருந்து."

சன்னலோரம் நின்று எதிர் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலவற்றை உறுதிப்படுத்திக்கொள்ள இத்தனை ஆண்டு ஆகிவிடுகிறது.


ஜூன் 26, புதன்

ரெஹானா அறிக்கையை மில்லுக்கு முறைப்படி அனுப்பிவிட்டாள். வெள்ளியன்று முதலாளி கூட்டம் வைத்திருக்கிறார். அளவெடுத்த வீட்டின் உரிமையாளர் என்ற முறையில் என்னையும் அழைத்திருக்கிறார்கள்.

கோபால் சண்டை போடுவான் என்று ஆயத்தமாக இருந்தேன். போடவில்லை. சன்னலில் இருக்கும் என் அறிக்கையை நெடுநேரம் பார்த்தான். தன் கைப்பேசியில் படம் எடுத்தான். பிறகு, "தேங்க்ஸும்மா" என்று சொல்லிவிட்டு மாடியேறினான். அந்த நன்றி எனக்குப் பிடிக்கவில்லை.


ஜூன் 27, வியாழன்

நாளைக்கு எந்தச் சேலை என்று யோசித்ததில் பாதிப்பொழுது போயிற்று. வெட்கக்கேடு. பட்டு வேண்டாம். கைத்தறிப் பருத்தி.


ஜூலை 1, திங்கள்

கலாமணி இன்று காலை கோன் பிரிவில் சேர்ந்தாள். மற்ற ஆறு பேரும் இந்த வாரத்துக்குள் மாற்றப்படுவார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, திங்கட்கிழமை, ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூச்சுப் பரிசோதனை என்று கையெழுத்தாகியிருக்கிறது. புளோ ரூமில் தூசியை உறிஞ்சும் புதிய அமைப்பு "விரைவில் ஆராயப்படும்." ஆராயட்டும். நான் எதிர்வீட்டில்தான் இருக்கிறேன்.

கோபால் மூன்று நாளாக என்னுடன் பேசவில்லை. இன்று காலை என் இட்லித் தட்டின் ஓரத்தில் ஓர் அச்சு வெல்லம் இருந்தது. வைத்தது யாரென்று நான் விசாரிக்கவில்லை. சுகந்தி எதுவும் தெரியாதவள்போல் சட்னியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும். இதற்குள் தெருவில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள்.

மில்லின் அலுவலகம் இப்போது குளிரூட்டிய நீண்ட அறை. தரையில் வழவழப்பான கல். உயரத்தில் மட்டும் பழைய வட்டச் சன்னல்கள் இரண்டை அப்படியே விட்டிருந்தார்கள், அழகுக்காக. முதலாளி மூன்றாம் தலைமுறை, மரியாதையான இளைஞர், எழுந்து நின்று வணங்கினார். ரெஹானா தன் வளைவுகளை விளக்கினாள். கலாமணியையும் வரவழைத்திருந்தார்கள். நாற்காலி இருந்தும் அவள் உட்காரவில்லை.

பிறகு கோபால் பேசினான். நன்றாகவே பேசினான், என் மகன். இந்தப் பெண்களின் நெஞ்சு கெட்டிருப்பதை மறுக்கவில்லை, காரணந்தான் மில் அல்ல என்றான். வீட்டுப் புகை, ஊர்க் காற்று, வயது. அதற்குச் சான்றாக ஓர் அறிக்கையைச் சுவர்த்திரையில் காட்டினான். ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

"இது எங்கம்மாவோட நுரையீரல். வெறகடுப்பு இல்ல, சிகரெட் இல்ல. பொள்ளாச்சியில பெரியம்மா வீட்டுல, தென்னந்தோப்புல வளர்ந்தவங்க. அதுக்கப்புறம் கல்லூரி. வாழ்க்கையில ஒரு நாள்கூட மில்லுக்குள்ள கால் வெச்சதில்ல. அவங்களுக்கும் இதே அடைப்பு இருக்குன்னா, மில்லை எப்படிங்க குத்தம் சொல்ல முடியும்?"

முதலாளி தலையசைத்தார். ரெஹானா என்னைப் பார்த்தாள். ஷிப்டுக்குள் மூச்சு குறைந்ததே என்று அவள் தொடங்கினாள். களைப்பில் யாருக்கும் குறையும் என்று முடித்துவைத்தார்கள். கலாமணி கதவை நோக்கி ஓரடி நகர்ந்தாள். இனி நிற்பதில் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் மறுபடி புளோ ரூமுக்குத்தான் போயிருப்பாள், என் நெஞ்சின் தயவால்.

நான் எழுந்தேன்.

"கோபால், உன் தர்க்கம் சரி. நீ எடுத்துக்கிட்ட தரவு தப்பு. அந்த அறிக்கை என்னோடது, அதை உன் பக்கத்துலேருந்து திரும்ப எடுத்துக்கறேன்."

"என்னம்மா சொல்றீங்க?"

"இந்த ரூம் அப்போ மிக்சிங் கோடவுன். அந்த ரெண்டு வட்டச் சன்னலும் எப்பவும் மூடித்தான் இருக்கும். தெறந்தா பஞ்சு பறக்கும்னு. கீழ நாங்க உக்காந்து பொதி பிரிச்சு, கையால குப்பை பொறுக்குவோம். பன்னெண்டு வயசுல, பதினஞ்சுன்னு எழுதிச் சேத்தாங்க. பதினாறு வயசு வரைக்கும் இருந்தேன். திங்கக்கிழமை காலையில மண்டை வெல்லம் உடைச்சுக் குடுப்பாங்க. அப்புறம் தனியா பரீட்சை எழுதி வெளிய போனேன்."

கலாமணி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அன்றைய தூசிதான் இன்றைய வளைவுக்குக் காரணமா என்று முதலாளி ரெஹானாவைக் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பஞ்சுத் தூசியே படாத நெஞ்சுக்கு உதாரணமாக இவரை இனிக் காட்ட முடியாது என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை. நல்ல மருத்துவர்.

கோபால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயதில் கணக்கு வராதபோது வைத்துக்கொள்ளும் முகம்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பெண் பார்க்க வந்தப்ப, நடுவுல நாலு வருசம் பொண்ணு எங்க இருந்தான்னு அவங்க கேட்டாங்க. எங்கப்பா வாய்க்கு வந்த ஊரைச் சொன்னார்."

"அப்போ பொள்ளாச்சி?"

"பொள்ளாச்சியில எனக்குப் பெரியம்மாவே கிடையாது கோபால்."